ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைத் தொலைத்த அரை மணி நேரம்

கவுன்சலிங் தொழிலில் இருப்பவர்கள் வெளியில் சொல்லாத சந்தோஷம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் அழத் தொடங்கினால், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டே ‘அப்பாடா, வேலை நடக்கிறது’ என்று உள்ளுக்குள் குளிர்ந்து போவோம். (மற்றவர்கள் மறுப்பார்கள், நம்பாதீர்கள்.) என்னைக் கவிழ்த்தது அந்தச் சந்தோஷம்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஆலைத் தொழிலாளர்களுக்கான சின்ன மனநல மையம் ஒன்றில் நான் சீனியர். புதிய கவுன்சலர்களை வழிநடத்த ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டார். அதற்கான பயிற்சிக்கு என்னை மணவாள நகருக்கு அனுப்பினார்கள். தேறினால் பதவி எனக்கு.

என் கணவர் மெஷின் ஆபரேட்டர். அவரைப் பொறுத்தவரை சூப்பர்வைசர் என்றால் வேறு நிற ஹெல்மெட் போட்டு எல்லோரையும் நடுங்க வைப்பவர். அவருக்கு இதுவரை கிடைக்காத பதவி அது. நான் தேறுவதற்கு முன்பே எளாவூரில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி, லட்டுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் தேர்வு. ஒரு ஜூனியர் தன் கேஸை என்னிடம் சொல்ல வேண்டும், நான் வழிநடத்த வேண்டும். பக்கத்து அறையில் பயிற்சியாளரும் சக மாணவர்களும் கேமரா வழியாகப் பார்ப்பார்கள். எங்கள் மையத்து ஜூனியர் ஸ்டெல்லா ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் கேஸோடு வந்தாள். ஆலையில் அவர் ஓட்டிய சரக்குத் தூக்கும் வண்டி இடித்து நண்பருக்குக் கால் போய்விட்டது. அன்றிலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை. வாரா வாரம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

“நாளைக்குக் காலைல வராருக்கா. அவராண்ட இன்னா பேசறதுன்னே தெரியல.”

அவர் பேசாமல் இருக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேள்வியில் தப்பில்லை, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான்.

“எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தாங்க்கா குந்திகினு இருப்பாரு” என்றாள். கண் கலங்கிவிட்டது.

அங்கேயே நிறுத்தி, பேச்சை டிரைவரிடம் திருப்பியிருக்க வேண்டும். ஜூனியருக்கே வைத்தியம் பார்க்க உட்காரக் கூடாது என்று பயிற்சி முழுக்கத் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் கண்ணீரைப் பார்த்துவிட்டேனே. டிஷ்யூ பெட்டியை (கேமராவில் நன்றாகத் தெரியும்படி) அவள் பக்கம் நகர்த்தி, “சொல்லும்மா” என்றேன். கல்யாணம், மாமியார், கொழுந்தனாரின் பைக் எல்லாம் வந்தன. கேட்கக் கேட்க எனக்கும் என் வீட்டு ஞாபகம் வந்து தொலைத்தது. என் கதையையும் சொன்னேன். இருவரும் ஒரே பெட்டியிலிருந்து டிஷ்யூ எடுத்து அழுதோம்.

கைதட்டலை எதிர்பார்த்து வெளியே வந்தேன். குரலை உயர்த்தியே பேசாத பயிற்சியாளர் அம்மா ஒன்றுதான் கேட்டார்.

“அந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் என்ன ஆனார்?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். காலையில் வரப்போகிற மனிதரிடம் என்ன பேசுவதென்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தேர்வில் தேறவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அழுதேன். வீட்டில் லட்டு வந்து இறங்கியிருந்தது. ஒரு வாரத்துக்கு அதுதான் நாஷ்டா. தெருப்பக்கம் தலைகாட்டவே கூசியது.

மறுநாள் வந்த டிரைவர், வீங்கியிருந்த ஸ்டெல்லாவின் முகத்தை வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

“இன்னாமா, ஊட்ல எதுனா பேஜாரா?”

அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. முந்தின நாள் பட்டது போதும் என்றோ என்னவோ, ஸ்டெல்லா தன் வீட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. “நீங்க சொல்லுங்கண்ணா” என்றாளாம். மனிதர் உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மெல்ல வேலைக்கும் திரும்பினார். மையம் அடுத்த பயிற்சிக்கு ஸ்டெல்லாவை அனுப்பியது. தேறினாள். இப்போது என் சூப்பர்வைசர் அவள்தான்.

வீட்டில் நான் எதைப் புலம்ப ஆரம்பித்தாலும் கணவர், “அது கெடக்குது, அந்த ஃபோர்க்லிஃப்ட்டு இன்னாச்சு?” என்கிறார். மகளும் பின்பாட்டுப் பாடுகிறாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறுகிறது. பொறுக்க மாட்டாமல் போன வாரம் ஸ்டெல்லாவிடம் போய், வீட்டில் ஒருத்தரும் என்னை மதிப்பதில்லை என்று தொடங்கினேன். டிஷ்யூவுக்குக் கையை நீட்டினேன். அவள் பரிவோடு கேட்டுக்கொண்டே டிஷ்யூ பெட்டியை எடுத்து, என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

“கேஸைச் சொல்லுங்கக்கா.”

மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கேஸைச் சொன்னேன்.