காகிதத்தில் குடியிருக்கும் மகனுக்கு

மகன் ஈஸ்வருக்கு,

வெள்ளறடையிலிருந்து அப்பா தாணுமாலயன் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீயும் சுனிதாவும் குழந்தை தாராவும் சுகமா என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் வருமான வரி இலாகாவின் கணக்குப்படி நீங்கள் மூவரும் என் வீட்டு மாடியிலேயே குடியிருப்பதால், அந்த விசாரிப்பை விட்டுவிடுகிறேன்.

தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேங்க் வட்டியை மறைக்காதே, கடைசி நாள்வரை காத்திருக்காதே, தாக்கல் செய்தபின் ஓ.டி.பி. போட்டு உறுதிசெய்ய மறக்காதே என்று டீக்கடையில் கேட்காதவனுக்கும் பாடம் நடத்துகிறவன். அப்படிப்பட்ட எனக்கு, வாடகை வருமானத்தைக் காட்டவில்லை என்று நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்? நான் ஆன்லைனில் வரிக் கணக்குக் கொடுக்கும் அக்ஷயா சேவை மையத்தில், அங்கே வேலை பார்க்கும் ஆதிரா அதைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தாள். நமக்கு ரப்பர் வெட்டுகிற பொன்னையன் பக்கத்தில் நின்றான். "சாறே, மேல வாடகைக்கு ஆளு உண்டா? நான் கண்டதே இல்லியே! ஆராக்கும்?" என்றான். எனக்கே அது புதுச் செய்தி. உனக்குப் போன் செய்தபோதுதான் விளங்கியது.

"அப்பா, ஒங்க பான் நம்பரக் குடுத்து, ஒங்களுக்கு வாடகை தாறேன்னு கம்பெனியில காட்டினேன். எனக்கு வரி கொறையும். எல்லாவனும் செய்யதுதான். சும்மா ஒரு என்ட்ரியாக்கும்" என்றாய்.

சும்மா ஒரு என்ட்ரி! கழக்கூட்டத்தில் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு, காகிதத்தில் மட்டும் அப்பனோடு குடித்தனம் நடத்துகிறாய். மாடியில் இப்போது ரப்பர் ஷீட் காய்கிறது, ஒரு மரநாயும் வசிக்கிறது. அதுவும் வாடகை தருவதில்லை. ஆனால் தினமும் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நீ போன ஓணத்துக்கு வந்தாய், பாயசத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு கார் இன்ஜினை அணைக்காமலே போனாய். உன் அம்மா இறந்தபின் ஒருவேளைச் சோறாவது என்னோடு உட்கார்ந்து தின்றிருப்பாயா? கேள், மக்கா. வாடகை என்று ஒரு நயாபைசாவும் நான் வாங்கியதில்லை என்று இலாகாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன். அபராதம் வந்தால் கட்டு. கம்பெனியில் கேட்டால் நீயே பதில் சொல். சர்வீஸ் முழுக்கப் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாத கை இது.

சுனிதாவுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் அன்பு. தாராவுக்கு ஆசி. உனக்கும் ஆசி உண்டு, அதை எந்தக் கணக்கிலும் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வீட்டு ஓனர்,
தாணுமாலயன்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் அக்ஷயாவில் ஏறினேன். "உள்ளதச் சொன்னா ஈஸ்வரண்ணனுக்க வேலைக்கே கேடாக்கும் சாறே" என்றாள் ஆதிரா. வாடகை வாங்கியதாகவே என் கணக்கைத் திருத்திக் கொடுத்து, வரியையும் கட்டிவிட்டேன். வாடகை ரசீதுகளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். மாதாமாதம் நீ நேரில் வந்து என் கையில் தந்ததாக எழுதியிருக்கிறேன். பணம் வேண்டாம். வந்துவிட்டுப் போ.