பல்வலி பூதத்தின் குறைகள்

'கீய்ய்ங்!' என்று மைக் வீறிட்டதில், நூலக அரங்கின் இரண்டு வரிசை ஆட்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அடுத்து, குறை பேசக் கண்ணாடிக்கடைக்காரர்!" என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார், நிறை பேசி முடித்த தாடிக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். 'பல்வலி பூதம்' நாவலில் அவருக்கு ஒரு குறைகூடத் தெரியவில்லை. அதுதான் சிக்கல்.

பகல் முழுக்க அவர் பேசுவது ஒன்றே ஒன்று. "இது தெளிவா தெரியுதா? இப்போ?" வருகிறவர்கள் எழுத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியோடு போய்விடுவார்கள். மனைவி கண்ணை மூடிய பிறகு வீட்டில் அந்தப் பேச்சும் கிடையாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. அந்த வீட்டில் அவரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தது இந்த நாவல்தான். எழுதியவர் யாரோ, அட்டையில் புனைபெயர் மட்டும் இருந்தது. சிரித்துவிட்டுத் திரும்பினால், 'இதைக் கேளேன்' என்று சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் அந்த நாவலைப் பற்றிய 'நிறையும் குறையும்' கூட்டத்துக்கு ஓடி வந்தார். நிறைக்கு ஆள் கிடைத்தாயிற்று, குறைதான் காலி என்றார்கள். சரி, கிடைத்தவரை லாபம் என்று தலையாட்டிவிட்டார்.

தாடிக்காரர் நாவலைப் பக்கம் பக்கமாக மனப்பாடமாய்ப் புகழ்ந்தபோது, 'இத்தனை நாள் எங்கேய்யா இருந்தீர்?' என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது. கூட்டம் முடிந்ததும் அவரோடு ஒரு டீ குடித்துக்கொண்டே பூதத்தைப் பற்றிப் பேசவேண்டும். வேறு ஆசையே இல்லை. அதற்கு அவர் மனம் கோணாமல் குறை சொல்லவேண்டும்.

இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைப் பொறுக்கினார்.

"வந்து... பூதம் தன்னோட கண்ணாடியை ஒரு அத்தியாயம் முழுக்கத் தேடுது. கண்ணாடி நெத்தியிலயே இருக்கு. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், இப்படி ஒரு ஆள் உலகத்துல கிடையாது."

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. பச்சைச் சால்வை போர்த்திய பெண்மணி பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். தாடிக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ஐயையோ, கிண்டல் என்று நினைத்துவிட்டார்களோ? கண்ணாடிக்கடைக்காரர் பேச்சை மாற்றினார்.

"சரி, கண்ணாடியை விடுங்க. ஏழு கடல் தாண்டுற பூதம், பல் டாக்டருக்குப் பயந்து பரண் மேல ஒளியுது. யாராவது நம்புவாங்களா?"

"நம்புவோம்! நம்புவோம்!"

"ஏணி போட்டு இறக்கினதைச் சொல்லுங்க சார்!"

தாடிக்காரரின் தலை மார்பில் புதைந்தது. எரிகிற நெருப்பை அணைக்கப் போன கண்ணாடிக்கடைக்காரர், பதற்றத்தில் எண்ணெயையே ஊற்றினார்.

"அதுக்காக அது கெட்ட பூதம் இல்லீங்க! கொஞ்சம் மண்டு, அவ்வளவுதான். சர்க்கரையைத் திருடித் தின்னுட்டுப் பூனை மேல பழியைப் போடுது. அதைக் கட்டிக்கிட்ட பெண் பூதத்தை நினைச்சாதான் பாவமா இருக்கு!"

பச்சைச் சால்வைப் பெண்மணி எழுந்து நின்று கைதட்டினார். தாடிக்காரரும் எழுந்தார். கைதட்ட அல்ல, விடுவிடுவென்று பக்கத்துக் கதவு வழியே வெளியேற.

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்கே தப்பிவிட மாடிப்படிக்கு ஓடினார். டீத்தட்டோடு ஏறிவந்த வயதான அம்மாள் வழியை மறித்தார்.

"ஏன் தம்பி ஓடறீங்க?"

"அவர் மனசை உடைச்சிட்டேம்மா! நான் சொன்ன குறையெல்லாம் சும்மா. மூணு தடவை படிச்சேன், சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்கு மாதிரியே அந்தப் பூதத்தைப் பிடிச்சுப்போன ஒரே மனுஷன் அவரு."

"அதை அவர்கிட்டயே சொல்றதுதானே? ஜன்னல் ஓரமா மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கறாரு பாருங்க."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டும்மா போவேன்? அத்தனை வாசகர்களுக்கு நடுவுல அவரைத் தலைகுனிய வெச்சுட்டேனே!"

அம்மாள் ஒரு டீயை அவர் கையில் திணித்தார், இன்னொன்றையும் திணித்தார்.

"எந்த வாசகருங்க? அதை எழுதினதே அந்தத் தாடி வெச்ச என் மருமகன்தான், அந்தப் பூதமும் அவரேதான், சிரிச்சது பூரா எங்க வீட்டு ஜனம். வாசகர்னு வந்தது நீங்க ஒருத்தர்தான் தம்பி!"