மின்சாரக் காரில் கிளம்பிய தாய்மாமன்

புதிதாக மின்சாரக் கார் வாங்கியவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சோறு ஆறும்வரை காரின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருப்பான். தஞ்சாவூரில் என்னால் பல பேருக்குச் சோறு ஆறியிருக்கிறது.

முக்கியமாக என் தங்கை கணவருக்கு. பழைய டீசல் கார் வைத்திருந்த பாவத்துக்காக அவரைப் பிடித்துக்கொள்வேன். டீசலில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் வீண். என் காரில் மின்சாரம் சிந்தாமல் சக்கரத்துக்குப் போகிறது. உங்கள் வண்டி டீசல் தவிர எதையும் தொடாது. என்னுடையது காற்று, வெயில், மேட்டூர்த் தண்ணீர், எதிலிருந்து கரண்ட் வந்தாலும் ஓடும். (அவர் ரசத்துக்காகக் காத்திருப்பார்.)

அவருடைய மகளுக்கு நன்னிலத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தங்கையோடு கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். பட்டு வேட்டி, பின்சீட்டில் சீர்த்தட்டுகள், பேட்டரியில் கால்வாசி சார்ஜ். முதல் நாள் தெருவையே ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு, சார்ஜ் போட மறந்திருந்தேன். இவ்வளவு சிக்கனமான வண்டிக்கு இது போதாதா என்று ஏசியையும் முழுதாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நன்னிலத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, வயல்களுக்கு நடுவே கார் நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை, மிக நாகரிகமாக நின்றது.

மாப்பிள்ளையின் டீசல் காரைக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு நாற்று நடப் போய்விடலாம் என்று தோன்றியது. எதிரே பம்புசெட்டில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, சார்ஜர் ஒயரோடு வரப்பில் ஓடினேன்.

“கரண்டு இருக்குங்க, ப்ளக்குதான் இல்ல,” என்றார் அங்கே நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த விவசாயி. “மோட்டாருக்கு யாருங்க ப்ளக் வைப்பாங்க? நேரா ஸ்டார்ட்டர்ல குடுத்திருக்கோம். பல்பு மாட்டுற ஹோல்டர் இருக்கு, அது ஆவுமா பாருங்க.”

அவர் கேலி செய்யவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. அந்த நேரத்தில் தங்கையின் போன்.

“நல்ல நேரம் முடியப்போவுது. வர்றியா, இல்ல நம்ம பெரியப்பா மவன் மடியில வச்சுக் குத்திடவா?”

விவசாயி இரக்கப்பட்டு, சீர்த்தட்டுகளோடு என்னையும் தன் டிராக்டர் டிரெய்லரில், நாற்றுக்கட்டுகளின் மேல் ஏற்றினார். வழியெல்லாம் டீசல் புகையை நன்றியோடு சுவாசித்தேன்.

போய் இறங்கியபோது, பெரியப்பா மகன் மடியில் வலது காது குத்தியாகிவிட்டது. வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி என் சேற்று வேட்டிமேல் வைத்தார்கள். இடது காது மட்டும் எனக்குக் கிடைத்தது. தங்கை என் முகத்தைப் பார்க்கவே இல்லை, உண்மையிலேயே கூசிப்போனேன். மாப்பிள்ளை மட்டும் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: “இது எதுல ஓடுது மச்சான், காத்துலயா வெயில்லயா?”

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை ‘இடது காது மாமா’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். போன தீபாவளிக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கிப்போனேன். ஒன்றை எடுத்து இடது காதில் போட்டுக்கொண்டு, மற்றதை என் கையிலேயே வைத்தாள்.

“இது அந்த மாமா வாங்கணும்.”