நாலாம் பக்கத்தில் ஒழுகிய கூரை

ஆங்கிலம் அறவே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நன்றாகத் தெரிந்தவனாலும் பெரிதாக இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, கையில் பேனாவும் வைத்திருப்பவன்தான் ஊருக்கு ஆபத்து. இலங்கையில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எண்பதுகளின் நடுவில், அந்த ஆபத்து நானாக இருந்தேன்.

இன்று கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஆங்கில அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இளம் அதிகாரிகள் எழுதித் தரும் நீண்ட வாக்கியங்களைச் சிவப்புப் பேனாவால் வெட்டுவேன். மகா கண்டிப்பான மனிதர் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் வெட்டுவது பத்தொன்பது வயதில் நானாயிருந்த செல்வராஜை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்தச் செல்வராஜ் உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு, மாத்தளைக்குப் பஸ் ஏறி இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். எண்பத்துமூன்றின் இனக்கலவரம் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. வழியில் இராணுவத்தார் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் இங்கிலீஷ் வகுப்புக்கு என்பேன். துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் அந்தப் பாஷை மேல் ஒரு மரியாதை உண்டு. என் வகுப்புக் கொப்பியைப் புரட்டிவிட்டு ஏறச் சொல்லிவிடுவார். எனக்கு அன்றைக்குப் பூராவும் தலை ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும்.

வகுப்பெடுத்தவர் ரிஸ்வானா மிஸ். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். முதல் நாளே கரும்பலகையைத் தட்டிச் சொன்னார்:

"என்ன வேணும்ங்கிறத முதல் வசனத்துலயே சொல்லிருங்க. ஒரு வசனத்துக்கு ஒரு விஷயம் போதும். தெரிஞ்ச சொல்லு கையில இருக்கிறப்ப தெரியாத சொல்லத் தேடி அலையாதீங்க."

எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போயிற்று. பஸ் காசு கொடுத்து வந்தவனிடம், உனக்குத் தெரிந்ததையே எழுது என்றால் எப்படி இருக்கும்? (இதுக்கு நான் வீட்லயே இருந்திருப்பேனே!) இவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது என்று முடிவு கட்டினேன். நிஜமான ஆங்கிலம் என்னிடம் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய, அட்டை கிழிந்த மாதிரிக் கடிதப் புத்தகம் அது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அதில் ஒருவர் அரைநாள் லீவு கேட்பதற்குள் மூன்று முறை காலில் விழுந்து எழுவார்.

ஒரு நாள் மிஸ் லீவுக் கடிதம் எழுதச் சொன்னார். நான் பக்கம் நிறைய எழுதினேன். அவர் ஒரே கோட்டில் முக்கால் பக்கத்தை அடித்தார்.

"செல்வராஜ், பஸ்ஸ நிறுத்துறப்ப என்ன சொல்லுவீங்க?"

"அண்ணே, நிறுத்துங்கன்னு சொல்லுவேன் மிஸ்."

"டிரைவரோட பரம்பரையப் புகழ மாட்டீங்களா?"

"இல்ல மிஸ்."

"ஏன்?"

"அதுக்குள்ள பஸ் போயிரும் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பொறாமையில் பேசுகிறார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு மாத்தளை டவுனில், கோயிலுக்குப் பக்கத்தில். சிறிய சாமான் கடை வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று நல்ல வெயில், அதனால் எங்கள் வீட்டின் உண்மை நிலை அவர்களுக்குத் தெரியவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா, அந்த ஒற்றை அறை, எங்களுடையது. தகரக் கூரை ஓட்டை ஓட்டையாகப் போயிருந்தது. மழை பிடித்தால் அக்கா சட்டி, குண்டான், வாளி என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பாள். இருட்டில்கூட இடம் தப்பாது.

கல்யாணம் தை மாதம் தோட்டத்துக் கோயிலில், சாப்பாடு எங்கள் வீட்டில் என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கம் பொங்கல் பானையே மழையில்தான் பொங்கும். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நகை நட்டுன்னு நான் ஒன்னும் கேக்கல. அன்னைக்கு ஒரு நாளு மட்டும் அவங்க முன்னால சட்டி வைக்காம இருந்தாப் போதும். தொரைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு."

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்து நிர்வாகியான துரை உத்தரவு போட்டால்தான் ஸ்டோரிலிருந்து தகரம் வெளியே வரும். வெள்ளைக்காரத் துரை போய், தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்து, இப்போது சிங்களத் துரை இருந்தார். பங்களா மாறவில்லை, ஆங்கிலமும் மாறவில்லை. தமிழில் மனு கொடுத்தால் அது கிளாக்கரின் மேசையில் தூங்கும். ஆங்கிலத்தில் கொடுத்தால் கிளாக்கர் பிரிக்கவே பயந்து நேரே துரையிடம் கொண்டு போவார். ஆகவே லயத்துக்கே நான்தான் கதி. சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் கலவரத்தில் அவருடைய தம்பியின் கடையை எரித்ததிலிருந்து நிழலைக் கண்டாலும் பயப்படுவார்.

"தம்பி, கோவமா எழுதிறாத. குறை சொல்ற மாதிரியே இருக்கப்படாது. காலம் சரியில்ல. நம்மளயும் இயக்கத்து ஆளுங்கன்னு நெனச்சுக்குவாங்க."

அப்பாவும் சேர்ந்துகொண்டார். "கணக்கப்பிள்ள மேலயும் பழி வரக்கூடாதுப்பா. நாளைக்கு வேலைக்குப் போனா அவரு மொகத்துலதான் முழிக்கணும்."

குறையே சொல்லாமல் குறையைச் சொல்லும் வித்தை உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: என் மாதிரிக் கடிதப் புத்தகத்தில். அவர்களுடைய பயமும் என்னுடைய மண்டைக்கனமும் சேர்ந்து நான்கு பக்கம் எழுதின.

முதல் பக்கம் முழுக்கத் துரையின் கருணை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தங்களின் பரந்த நிழலில் எக்குறையுமின்றி இன்பமாக வாழ்ந்துவரும் எளியோர்களாகிய நாங்கள், நன்றிக் கண்ணீர் பெருக்கி..." (எக்குறையுமின்றியாம்! கூரைக்கு எழுதுகிற கடிதத்தில்!) இரண்டாம் பக்கத்தில் நாட்டின் அமைதிக்காகப் பிரார்த்தித்தோம். மூன்றாம் பக்கத்தில் எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்த வரலாறு. நாலாம் பக்கத்தில்தான் கூரைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கேயும் ஒரு சிக்கல். கூரைக்கும் ஒழுகுவதற்கும் ஆங்கிலத்தில் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களைத் துரைக்கு எழுதுவதாவது! ஆகவே இப்படி எழுதினேன்: "வானம் பொழியும் கொடையானது எமது இல்லத்தின் உட்புறத்தையும் பாரபட்சமின்றி ஆசீர்வதித்து வருகிறது." தகரத்துக்கு "உலோக வகையிலான ஆதரவு" என்று போட்டேன். எழுதி முடிக்கப் போகும் நேரத்தில் கை கடுத்தது. அதனால் கடைசி வசனம் மட்டும் சின்னதாக, நேராக அமைந்துவிட்டது: அக்காவுக்குத் தை மாதம் இந்தத் தேதியில் கல்யாணம், வாருங்கள்.

தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் புரியாமல் கண் கலங்கினார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குத் துரையே கடிதத்தோடு வந்தார்.

"யாரு எழுதினது?"

என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். துரை என் தோளில் கை வைத்தார். அவருடைய தோட்டத்துத் தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"நான் நெறைய தோட்டத்தில வேல செஞ்சது. ஒரு ஆளும் தொரைக்கு நன்றி சொன்னது இல்ல. எப்பவும் அது குடு, இது குடு. இந்தப் பையன் மட்டும் நாலு பக்கம் நன்றி எழுதினது. வெரி குட்!"

நன்றி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கைதட்டல் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரமே கடிதத்தின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ஆபிஸ் சுவரில் மாட்டினார்கள். முதல் பக்கம் மட்டும்தான். மற்ற மூன்றும் எந்த இழுப்பறைக்குப் போயினவோ தெரியாது. நான் ஆபிஸ் பக்கம் வேலையே இல்லாமல் நாலு தரம் நடந்துவிட்டு வந்தேன்.

மார்கழியில் ஸ்டோருக்கு லொறி நிறையத் தகரம் வந்தது. தலைவர் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, நம்ம லயத்துக்குன்னு எழுதி வந்த தகரமாம். எல்லாத்தையும் தோட்டத்துக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்புறாங்க."

"ஏன்?"

"நம்ம மேப் பிரிவு ஆளுங்க ஒரு குறையுமில்லாம சந்தோசமா இருக்காங்க, எழுத்துலயே குடுத்திருக்காங்கன்னு தொர சொல்றாராம். கீழ்ப் பிரிவு ஆளுங்க வெறும் வாயால சத்தம் போட்டாங்களாம், அவங்களுக்குத்தான் குடுக்கணுமாம்."

அதாவது நான் ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்திருந்தாலே எங்களுக்குத் தகரம் கிடைத்திருக்கும். என் ஆங்கிலம் வராத உதவியைத் தடுக்கவில்லை, வந்துகொண்டிருந்த உதவியை வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்படியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"தம்பி, அந்த நாலு பக்கத்துல ஒழுகுதுன்னு எழுதுனியா, இல்லியா?"

"எழுதுனேன்க்கா. கொஞ்சம் வேற மாதிரி."

"வேற மாதிரின்னா?"

நான் அந்த வசனத்தைத் தமிழில் சொன்னேன். ஆசீர்வாதம் என்ற இடத்தில் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டும் வரை மழை பொறுத்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் சட்டிகள் டொக் டொக்கென்று ஆரம்பித்தன. மாப்பிள்ளையின் அம்மா ஒரு முறை கூரையைப் பார்த்தார், ஒரு முறை சட்டிகளைப் பார்த்தார், பிறகு புதுப் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

அந்த நேரத்தில் ஜீப் சத்தம். நான் தெளிவாக எழுதிய ஒரே வசனத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டு துரை வந்து இறங்கினார்.

வீட்டில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய கை வைத்த நாற்காலியை அப்பா போட்டு வைத்திருந்தார். துரை உட்கார்ந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் துரைக்கு மாலை போட்டுப் படம் எடுக்கத் தலைவருக்கு ஆசை. மாலையைப் போட்டார். வெளிச்சம் போதவில்லை என்று படக்காரர் சொன்னதும், "தொரைங்களே, கொஞ்சம் இப்பிடி" என்று தலைவர் நாற்காலியைத் துரையோடு சேர்த்து நடுவீட்டுக்கு இழுத்துவிட்டார். காலை இடித்த வாளியையும் எடுத்து அப்பால் வைத்தார்.

முதல் சொட்டு தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. இரண்டாவது மூக்குக் கண்ணாடியில். பிறகு சொட்டாக விழவில்லை, தாரையாக இறங்கியது. படக்காரர் அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினார்.

துரை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் இருந்த சட்டிகளைப் பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓரடி முன்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்திலேயே சொன்னேன்:

"ஃபோர்த் பேஜ், சார்."

துரைக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கழுத்து மாலையே குலுங்கியது. "மடையன்! ஒழுகுது சொன்னா நான் தர மாட்டேனா?" என்றார். தருவாரா மாட்டாரா என்பது வேறு விஷயம். கேட்டால்தானே அவரால் மறுக்கவும் முடியும்? நாங்கள் அந்தச் சிரமத்தைக்கூட அவருக்கு வைக்கவில்லை. பயத்தில் குறையை நன்றியாகச் சுற்றிக் கொடுத்தோம், அவர் சுற்றியிருந்த தாளை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டார்.

நாற்காலியை விட்டு எழுந்தவர், "நாளைக்கு எழுதிக் கொண்டா. ஒரு வரி" என்று சொல்லிவிட்டு நனைந்த மாலையோடு ஜீப்பில் ஏறினார். அப்போதுதான் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மாவும் தூக்கிய சேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க வீடும் ஒழுகுந்தான் புள்ள, சட்டி வைக்கிறதுக்கு இப்ப நீ வந்தாச்சு" என்றார். பெண் பார்க்க வந்தபோது இதை அவர் சொல்லவில்லை. அவர்களும் முதல் பக்கத்தை மட்டுமே எங்களுக்குக் காட்டியிருந்தார்கள்.

மறுநாள் எழுதினேன்: எங்கள் கூரை ஒழுகுகிறது, தகரம் தாருங்கள். மிஸ்ஸிடம் காட்டியபோது அவர் எதையும் அடிக்கவில்லை. தகரம் மழையெல்லாம் ஓய்ந்து சித்திரையில் வந்தது.

அந்தக் கல்யாணப் படம் இன்றும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. துரை தலையில் அருவி விழுகிறது, பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி. எங்கள் குடும்பத்தில் யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் "நாலாம் பக்கத்துக்கு வா" என்பார்கள். கடன் கேட்க வந்து மழையைப் பற்றிப் பேசும் சொந்தக்காரருக்கும் அதுதான், தொலைபேசியில் பத்து நிமிடம் நலம் விசாரிக்கும் எனக்கும் அதுதான்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டில் என் மகள் எதிரே வந்து நின்றாள். "அப்பா, கூட வேல செய்ற பையன எனக்குப் புடிச்சிருக்கு. சிங்களப் பையன். கட்டிக்கப் போறேன்" என்றாள். முதல் வசனத்திலேயே விஷயம், தெரிந்த சொற்கள், வெட்ட ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாக்காரனான நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடு, காலம், அந்தக் கலவரம், நம் முன்னோர் கப்பலேறி வந்தது என்று ஆரம்பித்தேன்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, புள்ள நிக்குது. நாலாம் பக்கத்துக்கு வா."

நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன்.

மகளிடம் "சரிம்மா" என்றேன்.