தூக்குச்சட்டியில் வெட்டிய பெயர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பூமிநாதன் வீட்டுக்கு அடுத்த வீட்டு அன்னக்கிளி பார்த்து, என் அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னது. இரண்டு வாய் மாறி வந்ததில் உப்பு, காரம் கொஞ்சம் கூடியிருக்கலாம்.

காரைக்குடியில் மரவாடி வைத்திருந்தார் பூமிநாதன். கட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டி, பர்மாத் தேக்கா நாட்டுத் தேக்கா என்று சொல்லிவிடுவார். பாதி சரியாக இருக்கும். தப்பிய பாதியை மறந்துவிடுவார்; அதனால் தனக்குத் தப்பியதே இல்லை என்று மனமார நம்பினார். மனிதர்களையும் அப்படித்தான், ஒரே தட்டில் முடிவு. மனைவி கண்ணாத்தாளைக் கல்யாணமான புதிதிலேயே தட்டிப் பார்த்துவிட்டார். நல்ல பெண், கைமணம் போதாது. அந்தத் தீர்ப்பு மாறவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் தினமும் வழித்துக் காலியானது.

எழுபத்திரண்டாம் வருஷம் மகள் சீதாலட்சுமிக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்த்து விருந்து சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். பூமிநாதன் அறிவித்தார்.

"அன்னைக்கு அடுப்படியில எங்கக்கா நிக்கட்டும். நீ வந்தவுகளக் கவனி."

மகளைப் பார்க்க வரும் நாளில் பெற்றவளுக்கு அடுப்படி இல்லையென்றால் ஊர் என்ன பேசும்? கண்ணாத்தாளுக்குச் சுருக்கென்றது. முகத்தில் காட்டவில்லை.

"மதினி கைமணம் யாருக்கு வரும்? ஆனா எதுக்கும் நாளைக்கு ஒரு தடவை தின்னு பாத்துருங்க. பெறகு உங்க இஷ்டம்."

"பாக்க என்ன இருக்கு? என் நாக்கு தராசு."

"அதான், நிறுத்துச் சொல்லுங்கங்கிறேன்."

மறுநாள் மதியம் அவர் முன்னால் இரண்டு பித்தளைத் தூக்குச்சட்டிகள். எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தைப் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். ஒன்றில் 'பொன்னழகு' என்று அக்கா பெயர். மற்றதில் 'கண்ணாத்தாள்'. இரண்டிலும் கத்தரிக்காய் மண்டி; அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் எங்கள் பக்கத்துக் குழம்பு.

அக்கா தூக்கிலிருந்து ஒரு வாய். கண் சொக்கியது.

"எங்கம்மா வச்ச மாதிரியே இருக்கு. புளியும் காரமும் அண்ணன் தம்பியாட்டம் நிக்குது."

மனைவி தூக்கிலிருந்து ஒரு வாய். முகம் சுளித்தது.

"இதுல அண்ணன் தம்பிக்குள்ள பாகப்பிரிவினை. புளி பச்சையா நிக்குது. உப்பும் ஒரு கல்லு கூட."

"நல்லாப் பாத்துத்தான் சொல்லுறீகளா?"

"பிள்ளையார்பட்டியில வேணாலும் சத்தியம் பண்ணுவேன்."

"மதினி தூக்குல இருந்தது நான் வச்சது."

அடுத்த கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அப்ப இது?"

"உங்க நாக்குக்குத் தெரியாததா?" என்றாள் கண்ணாத்தாள், மோரை ஊற்றிக்கொண்டே.

இரண்டு மடக்கு மோர் குடிப்பதற்குள் பூமிநாதன் விழுந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தியா, பேரு மாறியும் என் நாக்கு மாறல. நல்லத நல்லதுன்னு சொல்லிருச்சு. வேற எவனா இருந்தாலும் பேரப் பாத்து ஏமாந்திருப்பான்."

"அதுல என்ன சந்தேகம்?"

"அக்காகிட்டச் சொல்லிராத, வருத்தப்படும். கொஞ்ச நாளாவே அது வைக்கிற புளி பச்சையாத்தான் நிக்குது."

வெள்ளிக்கிழமை அடுப்படி கண்ணாத்தாளுடையது. மாப்பிள்ளையின் அப்பா மண்டியை மறுபடி கேட்டு வாங்கினார். கல்யாணத்துக்கு மாதமும் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினார். பூமிநாதன் மரவாடிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மனுசன் பேரப் பாத்து ருசி சொல்றான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது" என்றார்.

அன்னக்கிளி சொன்னது இவ்வளவுதான். எனக்கு ஒன்று உறுத்தியது. யாரோ சொன்னதை வைத்து ஒருவர் கைமணத்தைக் குறையாக எழுதலாமா? பொன்னழகிடமே போய்க் கேட்டேன்.

"அன்னைக்கு நான் எங்கிட்டு மண்டி வச்சேன்? காளையார்கோவில்ல எம் பேரனுக்கு மொட்டை. வீடு பூட்டிக் கிடந்துச்சு. முதநாளே கண்ணாத்தா தூக்கை மட்டும் வந்து கேட்டா. வெள்ளிக்கிழமை விருந்த என் தலையில கட்டப் பாக்குறான் தம்பின்னும் சொன்னா. ஒரு கூட்டத்துக்கே வடிச்சுக் கொட்ட என் இடுப்பு தாங்குமாப்பா? இந்தா எடுத்துக்கன்னு குடுத்துட்டேன்."

கண்ணாத்தாளிடமும் போனேன். "நான் ஒரு பொய்யும் சொல்லலையே தம்பி" என்றார்.

உண்மைதான், சொல்லவில்லை. இரண்டு தூக்கிலும் இருந்தது ஒரே சட்டி மண்டி.