மேதைக்கு மூத்தவள்

மேதைகளைப் பற்றி ஊரே பேசுகிறது. மேதைக்கு மூத்தவர்கள் என்று ஓர் இனம் இருப்பதுதான் யார் கண்ணிலும் படுவதில்லை. பரிசளிப்பு விழாப் படத்தை எடுத்துப் பாருங்கள். நடுவில் கோப்பையோடு நிற்பது மேதை. ஓரத்தில், பாதி உடம்பு படத்துக்கு வெளியே போயிருக்க, இரண்டு பை, ஒரு தண்ணீர் பாட்டில், சான்றிதழ் ஃபைல், மேதை கழற்றிப்போட்ட ஸ்வெட்டர் இத்தனையையும் அணைத்துக்கொண்டு, பரிசு வாங்கியவரைவிட அகலமாகச் சிரித்துக்கொண்டிருப்பவர்தான் மூத்தவர். வென்றால், "நாங்க அடுத்த சுற்றுக்குப் போயிட்டோம்" என்பார். தோற்றால், "கேள்வித்தாள் சரியில்ல."

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருத்தியைச் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வந்தவர் கண்ணுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று அவர் கொட்டாவி விடும்வரை கேட்பாள். கால் புள்ளி பிசகக் கூடாது. தங்கைக்கு வயது பத்து. தெருவே அந்தச் சின்னதைப் 'பேராசிரியை' என்று கூப்பிடுகிறது. அதனால் இவள் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், 'பேராசிரியையோட அக்கா' ஆகிவிட்டாள். இதைவிடப் பெரிய பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்?

பேராசிரியையிடம் ஒரே ஒரு குறை. வீட்டுக்கு வந்த மாமா தன் முதுகுவலியை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மாமா, போன தடவை இடது பக்கம்னு சொன்னீங்க" என்றாள். மாடிவீட்டுச் சிறுமி தன் மீன் செத்துப்போனதென்று அழுதபோது, அந்த வகை மீனின் சராசரி ஆயுளைச் சொல்லி, "உன்னோடது ஏழு மாசம் கூடுதலாவே இருந்திருக்கு" என்று ஆறுதல் சொன்னாள். மாடிவீட்டுச் சிறுமி அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

"அவளுக்கு மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேச வராது" என்றாள் அக்கா, பெருமையாக.

அந்தப் பெருமைக்கு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. மீத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி. எழுத்துத் தேர்வில் தங்கைக்கு முதலிடம். மூன்று வாரத்தில் நேர்காணல். பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் தன்மை அதில் பார்க்கப்படும், தேறாவிட்டால் இடமில்லை.

வேறு யாராவதாக இருந்தால் கவலைப்பட்டிருப்பார்கள். மூத்தவர்கள் கால அட்டவணை போடுவார்கள். மாலை ஆறு முதல் ஆறரை வரை: இரக்கம்.

அக்காவுக்குத் தெரிந்த பரிசோதனை முறை ஒன்றுதான். தங்கையை எதிரே உட்காரவைத்து முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வாள். கையால் மூடித் திறந்து, இன்னொரு மாதிரி வைத்துக்கொள்வாள்.

"எது வருத்தம்? முதல் முகமா, ரெண்டாவதா?"

"முதல்."

"முதல்ல காட்டினது கோபம்டி. இதுகூடவா தெரியல?"

"பல்வலின்னு நெனச்சேன்."

"பல்வலி நம்ம பாடத்துலயே இல்ல."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "நீ காட்டற மூஞ்சியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. அவளுக்கு எங்கேர்ந்து இரக்கம் வரும்?"

தினமும் இருபது கேள்வி. அக்கா ஒரு நோட்டில் சிவப்புக் கோடு போட்டு மதிப்பெண் எழுதினாள். முதல் நாள் நாலு. பத்தாம் நாள் ஐந்து. மூன்றாவது வாரம் மூன்று. இரண்டில் ஒன்றைச் சொல்லும் பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பத்து வந்துவிடும். நாலு வாங்கத் தனித் திறமை வேண்டும். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தியிருக்கும். அக்கா பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டதே கணக்கில்தான்.

நேர்காணலன்று பேராசிரியை உள்ளே போனாள். அக்கா வெளியே பெஞ்சில், மடியில் ஃபைலோடு. அந்த அறைக்கதவு ஒழுங்காகச் சாத்தாது. உள்ளே பேசுவது கேட்டது.

"அடுத்தவங்க மனசப் புரிஞ்சுக்க வீட்ல ஏதாவது சொல்லித்தந்தாங்களாம்மா?" ஒரு அம்மாளின் குரல்.

"எங்கக்கா தினமும் நடத்தினாங்க. முகத்தப் பாத்துச் சொல்லணும். நான் தப்பாத்தான் சொல்வேன்."

"தெரியலையா?"

"மொத நாளே தெரிஞ்சுபோச்சு. எங்கக்காவுக்கு நடிக்க வராது."

"அப்புறம் ஏன் தப்பாச் சொன்னே?"

"என் கணக்கு நோட்ட எடுத்துப் பாப்பாங்க, ஒண்ணும் சொல்லாம வெச்சிருவாங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான். இத நடத்தறப்ப மட்டும் நிமிந்து உக்காருவாங்க. நான் சரியாச் சொல்லிட்டா வகுப்பு முடிஞ்சிடுமே."

வெளியே அக்கா சான்றிதழ்கள் வருட வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. எல்லாவற்றையும் உருவி எடுத்து மறுபடி அடுக்கினாள். இம்முறை வரிசை தப்பிப்போனது. அப்படியே விட்டுவிட்டாள்.

தங்கை வெளியே வந்தாள்.

"என்னடி கேட்டாங்க?"

"சும்மா. வீட்டப் பத்தி."

தங்கை தும்மினால்கூடப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடுகிறவள், அன்று வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்குப் போகப் பன்னிரண்டு நாள். அன்று மாலை ஆறு மணிக்குத் தங்கை, நோட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அதான் இடம் கிடைச்சிருச்சே. இனி எதுக்குடி வகுப்பு?"

"எனக்கு இன்னும் சரியா வரலக்கா."

அக்கா அவளையே பார்த்தாள். "ஆமா. நீ ரொம்ப மோசம்" என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சந்தோஷ முகம் காட்டலாம் என்று முயன்றாள். கண் ஒத்துழைக்கவில்லை, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கையால் மூடித் திறந்தும் அதே முகம்தான் வந்தது.

தங்கை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்" என்றாள்.

அக்கா முழு மதிப்பெண் போட்டாள்.

நீங்கள் இந்த இனமில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நல்லது. ஆனால் நீங்கள் எதையாவது விளக்க ஆரம்பிக்கும்போதெல்லாம், வீட்டில் உங்களைவிடச் சின்னவர் ஒருவர், கன்னத்தில் கைவைத்து, "அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாதே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாரா? அவருக்கு நிஜமாகவே தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?