ஏட்டு ஏகாம்பரம் தூக்கில் தொங்கிய கதை

பூசணிக்காய்க்குக் கண் வைத்து, மீசை வைத்து, நாக்கைத் தொங்கவிட்டால் அது என்னவாகும் என்று ஆரணியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, பி.காம். வேறு முடித்திருந்தேன். (படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த மகராசன் கிளப்பிவிட்டானோ!)

எங்கள் வீட்டில் நான்கு பட்டுத் தறிகள். என் வீட்டுக்காரரும் மூன்று ஆட்களும் நெய்வார்கள். என் மாமியார் தார் சுற்றுவார். அதாவது, தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைப்பதற்காகச் சின்னக் குழல்களில் பட்டு நூலைச் சுற்றித் தருவார். அந்த வீட்டில் தொழில் இல்லாத ஒரே ஜீவன் நான்தான். ஏழு பேருக்குச் சமைப்பதும், துவைப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதும் தொழில் கணக்கில் வராது. யாராவது வந்து, "உங்க மருமவ இன்னா பண்றா?" என்று கேட்டால், அத்தை தலையைத் தூக்காமலே, "சும்மாத்தான் கீறா" என்பார். அந்தச் 'சும்மா' காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் எரியும்.

அந்த எரிச்சலில்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். போனில் வீடியோ பார்த்து, கம்பளி நூலும் இரண்டு நீள ஊசியும் வாங்கி, பின்னிப் பின்னிப் பிரித்து, பிரித்துப் பிரித்துப் பின்னி, மூன்று மாதத்தில் ஒரு கத்தரிக்காய் பொம்மை செய்தேன். தலையில் பச்சைக் குல்லா, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. என் மகள் யாழினி காய்கறியே தொடமாட்டாள் என்பதற்காகச் செய்தது அது. அடுத்து, மூக்குக்கண்ணாடி போட்ட வெண்டைக்காய் டீச்சர். (இன்று வரை அவள் காய்கறி சாப்பிடவில்லை. கத்தரிக்காயைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறாள். தட்டில் வைத்தால், "பாவம்மா அது" என்று ஒதுக்கிவிடுகிறாள்.)

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், களம்பூர் ரோட்டில் மாடி வைத்து வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார். அவரோடு கல்லூரியில் படித்த ஹேமா என்பவர் சென்னையில் குழந்தைகளுக்கான பொம்மைக் கடை வைத்திருக்கிறார். கையால் செய்த பொம்மை மட்டும்தான் விற்பாராம். அவரும் விசேஷத்துக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தைக்கும் விஷயம் தெரிந்தது. ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"தோ பாரு சுமதி. அந்தக் கடைக்காரம்மா உன் பொம்மையக் கேட்டாங்கன்னா நீ பின்னிகினே இரு, நான் வாயத் தொறக்கமாட்டேன். கேக்கலியா, அந்த ஊசியப் பரண்ல போட்டுட்டு எங்கூட வந்து தார் சுத்த உக்காரு. எனக்கும் கை உழுந்து போச்சி."

"சரிங்க அத்தை" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு!

கத்தரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் பழகுவதற்குச் செய்தவை. சென்னைக் கடைக்கென்று உலகத்தில் எவருக்குமே தோன்றாத ஒரு டிசைன் வேண்டும் என்று யோசித்தேன். பத்து நாள் நோட்டில் வரைந்து வரைந்து கிழித்தேன். பதினோராம் நாள் வந்து சேர்ந்தார் ஏட்டு ஏகாம்பரம். கொழு கொழுவென்று ஒரு பூசணிக்காய் போலீஸ்காரர். வெளிர்ப்பச்சைக் கம்பளியில் எட்டுப் பாகமாகப் பின்னிச் சேர்த்த உருண்டை உடம்பு. திருடனைத் துரத்தி மூச்சு வாங்குகிறவர் என்பதால் பெரிய முட்டைக் கண், வெளியே தொங்குகிற நாக்கு. நாக்குக்குத் தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு. மீசைக்கு நிஜ ஜரிகை, முறுக்கிவிட்டது. தலையில் காக்கித் தொப்பி. அத்தையின் தலையணையிலிருந்து எடுத்த பஞ்சுதான் தொந்தி. (அத்தை இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும்.)

நாற்பது நாள் பின்னினேன். அந்த நாற்பது நாளும் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. சமயத்தில் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஏகாம்பரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். என் கலை அவரையே அசைத்துவிட்டது என்று நினைத்து எனக்குக் கண்ணெல்லாம் கலங்கியது.

கிரகப்பிரவேசத்தன்று ஹோமம் முடிந்து, பால் பொங்கி, கூட்டம் டிபனுக்கு நகர்ந்தது. ஹேமா மேடம் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் அவர் கண்ணில் படவேண்டும் என்று, ஹாலில் வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகளின் நடுவே ஏகாம்பரத்தை உட்காரவைத்தேன். ஒரு பக்கம் தேங்காய், இன்னொரு பக்கம் எலுமிச்சம்பழம், பின்னால் உடைப்பதற்கு வைத்திருந்த நிஜப் பூசணிக்காய். இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று நானே மெச்சிக்கொண்டேன். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் என் பையில் இருந்தன. பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டேன்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் ஏகாம்பரத்தைக் காணோம்!

"அண்ணி, தட்டுல ஒரு பொம்மை வெச்சிருந்தேனே?"

அண்ணி ஓடிவந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மேஸ்திரி கட்டிட்டாரு சுமதி! இத்தினி பேர் கீறோம், ஒருத்தருக்காச்சும் திருஷ்டி பொம்மை ஞாபகம் வந்துச்சா? நீ எவ்ளோ பொறுப்பா எடுத்துகினு வந்துகீறே!"

வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கழுத்தில் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தார் ஏகாம்பரம். காலில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய். தொப்பியைக் காணோம். கயிறு கட்ட இடைஞ்சலாக இருந்ததென்று மேஸ்திரி கழற்றிச் சிமெண்ட் மூட்டைமேல் வைத்துவிட்டாராம். தொப்பி இல்லாமல் பார்த்தபோதுதான், அட சண்டாளி, நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. முட்டைக் கண், முறுக்கு மீசை, தொங்குகிற நாக்கு. பிறந்ததிலிருந்து கட்டுகிற வீடுகளிலெல்லாம் பார்த்த அதே முகம். நாற்பது நாள் ராப்பகலாக உட்கார்ந்து, உலகத்தில் எவருக்கும் தோன்றாத டிசைன் என்று ஊரிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பின்னியிருக்கிறேன்!

என் பின்னால் வந்த யாழினி அண்ணாந்து பார்த்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினாள். "அம்மா, ஏட்டையாவைத் தூக்குல போட்டுட்டாங்கம்மா!"

மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "அண்ணே, அது குழந்தை விளையாடறதுண்ணே. கொஞ்சம் அவுத்துக் குடுங்க."

"திருஷ்டிக்குக் கட்டினத அவுக்கக் கூடாதும்மா. ஊட்டுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு அவர் கேசரி சாப்பிடப் போனார்.

இதற்குள் அத்தை வந்துவிட்டார். பக்கத்தில் நான்கைந்து சொந்தக்காரப் பெண்கள். என் தோளில் கையைப் போட்டு, "என் மருமவ கீறாளே, எல்லாத்தயும் ஓசன பண்ணித்தான் செய்வா" என்றார். ஒன்பது வருஷத்தில் அத்தை வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கார் வந்து நின்று ஹேமா மேடம் இறங்கினார்.

இறங்கியவர் நேராக உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது எங்கே கிடைச்சுது? யார் செஞ்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தானே நாற்பது நாள் கண் முழித்தேன்? 'நான்தான் செய்தேன்' என்று இரண்டு வார்த்தை. ஆனால் மேலே தொங்குகிறது மிளகாய் கட்டிய திருஷ்டி பொம்மை. பொம்மைக் கடைக்காரர் முன்னால் நான் திருஷ்டி பொம்மைக்காரியாக நிற்பதா? கேலிக்குத்தான் கேட்கிறார் என்று நானாக முடிவுகட்டினேன். மானம் போகிறதே என்ற பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ரோட்டுக் கடையில வாங்கினதுங்க!"

அவர் முகம் சட்டென்று வாடியது. "அப்படியா? கையால பின்னின மாதிரி இருந்துச்சு. அந்த மீசையும் நாக்கும் என்ன அழகு! இந்த மாதிரி டிசைன் பண்றவங்களைத்தான் நான் தேடிட்டு இருக்கேன். ரோட்டுக் கடைன்னா ஏதோ ஃபேக்டரி சரக்கா இருக்கும். சரி விடுங்க."

என் காதுக்குள் ஒரு தறி ஓடியது. சாப்பிட்டு முடித்து அவர் காருக்குத் திரும்பும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ரோஷம் வந்தது. பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு ஓடி, கார்க் கண்ணாடிக்கு நேராக நீட்டினேன்.

"மேடம், இது வந்து..."

"ஓ, இதுவும் அதே கடைதானா?"

"ஆமாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதே ஆளிடம் அதை இல்லையென்று சொல்ல என் நாக்கு எழவில்லை. கார் போய்விட்டது. கத்தரிக்காயும் நானும் களம்பூர் ரோட்டில் நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார்.

"நாப்பது நாளா நீ பின்னத நான் கண்ணால பாத்துகினு இருந்தேன். ரோட்டுக் கடைன்றியே, இன்னாடி பேஜார் இது?"

"அது திருஷ்டி பொம்மை இல்லைங்க அத்தை. கடைக்காகச் செஞ்சது."

"இன்னாது?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். "கத்திரிக்கா, வெண்டக்காதான் கடைக்கு, பூசணிக்கா எம்பொண்ணு ஊட்டுக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்டி! அதனாலதான் பேசாம இருந்தேன். சரி, அந்தம்மா கேட்டாங்கல்ல? நான்தான்னு சொல்றதுக்கு இன்னா?"

அத்தை என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரிதாபம் இருந்தது.

"அவங்க கேட்டாங்க, நீதான் இல்லைன்னுட்ட. நான் இன்னாடி பண்றது? காலீல வா, தார் சுத்த."

ஹேமா மேடத்துக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லேன் என்று வீட்டுக்காரர் ஒரு வாரம் சொல்லிப்பார்த்தார். எண்ணை மூன்று முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்னவென்று ஆரம்பிப்பது? 'மேடம், அந்த ரோட்டுக் கடை நான்தான்' என்றா? நான்காம் முறை வீட்டுக்காரரே அலுத்துப்போய், "உடு சுமதி" என்றார். விட்டுவிட்டேன். பட்டு நூல் மெல்லிசாக இருந்தாலும் விரலை அறுக்கும் என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டேன். இப்போது யாராவது வந்து கேட்டால், "தார் சுத்துறா" என்கிறார் அத்தை. மரியாதையாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அந்தப் பழைய 'சும்மா'வே தேவலை போலிருக்கிறது.

குடும்பத்துக்கு நான் வைத்த சொத்து இந்த ஒரு வார்த்தைதான். வடை நன்றாக இருக்கிறதே, யார் சுட்டது என்று கேட்டால், "ரோட்டுக் கடையில வாங்கினது" என்பார் என் வீட்டுக்காரர். அண்ணிக்குப் பேரன் பிறந்தான். யார் ஜாடை என்று கேட்டதற்கு, தொட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில், "ரோட்டுக் கடை!" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். (சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்று அதற்கு வேறு ஒரு கதை கட்டுவார்கள்.)

போன மாதம் யாழினியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவளுக்கு இப்போது எட்டு வயது. பிள்ளைகள் செய்துகொண்டுவந்ததையெல்லாம் மேஜைமேல் பரப்பியிருந்தார்கள். அதில் ஒரு களிமண் யானை, தும்பிக்கையால் தன் முதுகையே சொறிந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அவள் பிடித்தது. மிஸ் அதைக் கையில் எடுத்து, "எவ்வளவு நல்லா இருக்கு! யார் செஞ்சது இது?" என்றார். நான்கைந்து பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள்.

யாழினி தலையைக் குனிந்துகொண்டு, "கடையில வாங்கினது மிஸ்" என்றாள்.

"கடையில வாங்கினதைக் கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்று மிஸ் யானையை மேஜையின் கோடியில் தள்ளிவைத்தார்.

அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஏன்டி பொய் சொன்னே? நான் செஞ்சதுன்னு சொல்றதுக்கு என்ன?"

"எல்லாரும் பாத்தாங்க, பயமாப் போச்சு" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ மட்டும் சொன்னியா?" என்றாள்.

அவளை அங்கேயே நிறுத்திவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போனேன். மூன்று வருஷமாக வராத தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"மிஸ், அது கடையில வாங்கினது இல்லைங்க. என் பொண்ணு தன் கையால செஞ்சது."

மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லைங்க, உட்காருங்க. எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க."